இருவர் மட்டும் நுழையும் சர்வர்

மேலே கோட்டும் டையும், கீழே கட்டம்போட்ட லுங்கியுமாக ஒருவன் பெண் பார்க்க உட்கார்ந்தால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? முட்டாள் என்றுதானே? அந்த முட்டாள் நான்தான். 2005ஆம் வருஷம், எங்கள் ஊர் மரக்காணத்தில் அடைமழை, நான் இருந்த டென்மார்க்கில் பனி.

அந்த நாட்டில் மாடி வீட்டுக்காரர் கீழ் வீட்டுக்கு வருவதென்றாலும் முதல் நாளே போன் செய்து அனுமதி வாங்குவார். நாலு வருஷத்தில் அந்த வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. எனக்குப் பார்த்த பெண் கீழ்புத்துப்பட்டு கோமதி, "போட்டோல்லாம் வேணாம், ஆளைப் பாத்துப் பேசிட்டுத்தான் சொல்லுவேன்" என்று என் அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். எனக்கோ லீவு கிடைக்கவில்லை. ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கிவந்து வீடியோ கான்பரன்ஸ் சர்வர் ஆக்கினேன். அவளும் நானும் மட்டும் நுழைய இரண்டே பாஸ்வேர்டு. மரக்காணம் பிரவுசிங் சென்டரைத் தவிர வேறெங்கிருந்து வந்தாலும் விரட்டியடிக்கும் ஃபயர்வால். நடுவில் எவன் ஒட்டுக்கேட்டாலும் புரியாதபடி என்கிரிப்ஷன். கூட வேலை பார்க்கும் லார்ஸ் அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பெண்ணால் உனக்கு அவ்வளவு ஆபத்தா?" என்றார்.

நல்ல நேரத்தில்தான் இணைப்பு கிடைத்தது. ஆனால் திரை முழுக்க மஞ்சள், நடுவில் சிவப்பு. சத்தமே இல்லை. என்கிரிப்ஷன்தான் காலை வாரிவிட்டது என்று முடிவுகட்டினேன். நல்ல நேரம் தீர்ந்தால் கோமதி வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். சம்பந்தமும் அதோடு போச்சு. அந்தப் பக்கமும் ஒன்றும் தெரியாது என்ற தைரியத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கடியில் தவழ்ந்தேன். கேபிள்களைப் பிடுங்கிச் செருகினேன். சர்வரை அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் அர்ச்சித்தேன்.

போன் அடித்தது. அக்கா.

"டேய், மொதல்ல லுங்கிய எறக்கி வுடுடா! எல்லாரும் பாக்கறாங்க."

"என்னைத் தெரியுதா? இங்க வெறும் மஞ்சளும் செவப்புமாத்தான் இருக்குது."

"நீ அனுப்புன கேமரா புதுசாச்சே, சந்தனம் பூசிப் பொட்டு வச்சேன்."

"எங்க வச்ச?"

"அதுக்கு என்ன நெத்தியா இருக்குது? ஒத்தக் கண்ணுதான் இருக்குது. அதுமேலதான்."

சந்தனம் மைக் துளையையும் அடைத்திருந்தது. அக்கா முந்தானையால் துடைத்ததும் கோமதி தெரிந்தாள். அவளுக்குப் பின்னால், உப்பளம் மழையில் மூழ்கி வேலையில்லாமலிருந்த சனம் மொத்தமும் பெஞ்சுமேல் ஏறி நின்றது. என் பாஸ்வேர்டை யாரும் உடைக்கவில்லை. சென்டர் கதவு திறந்திருந்தது, வந்துவிட்டார்கள். திரையின் மூலையில் தபால்தலை அளவுச் சதுரத்தில் நான். என் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் பனி. அந்தக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

"தனியாப் பேசலாம்னுதாங்க இவ்ளோ ஏற்பாடு பண்ணேன்," என்றேன் அசடு வழிய. "உங்க முடிவ அப்பறமாக்கூடச் சொல்லுங்க."

கோமதி சிரிக்கவில்லை.

"இந்தக் கோலத்துல ஊரே பாத்துடுச்சு, இனிமே உங்கள வேற எவ கட்டிப்பா, வந்து சேருங்க."