வாசலோரம் மாட்டிய பெட்டி

எங்கள் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அழுக்குத் துணி பிரிக்கும் வேலையில் ஒரு அக்கா இருக்கிறார். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் படுக்கை விரிப்புகளை அவிழ்த்து, ரத்தக்கறை பட்டது ஒரு பக்கம், படாதது ஒரு பக்கம் என்று பிரித்து இயந்திரத்துக்கு அனுப்புவார். பதினாறு வருடமாக அதே மேசை. எதிர்மேசையில் அவருடைய நாத்தனார். அக்கா எதைப் பார்த்தாலும் காரணம் கேட்காமல் நகரமாட்டார் என்பதால் சலவைப் பிரிவில் அவருக்கு 'ஏன் அக்கா' என்றே பேர். லிஃப்ட் ஏன் மூன்றாவது மாடியில் மட்டும் குலுங்குகிறது என்று, பழுது பார்க்க வந்தவரை அரைமணி நேரம் நிறுத்தி வைத்தவர்.

நான் அலுவலக எழுத்தர். பாதுகாப்புக் குழு கூடும்போது யார் என்ன சொன்னார்கள் என்று குறிப்பெடுப்பதும், முடிவானதைச் சுற்றறிக்கையாகத் தட்டச்சு செய்து அனுப்புவதும் என் வேலை.

ஒருநாள் காலை விரிப்பை உதறும்போது, மடிப்புக்குள் கிடந்த ஊசி நாத்தனாரின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாது. மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால்தான் நோய் தொற்றவில்லை என்று உறுதியாகச் சொல்லமுடியும் என்றார்கள்.

அந்த வாரமே குழு கூடியது. சலவைப் பிரிவுக்கு அதில் ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்துவந்த மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றிருந்ததால் அக்காவை அனுப்பினார்கள்.

"சலவையில எல்லாருக்கும் தடிமனான கையுறை வாங்கிடலாம். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்றார் தலைமை மருத்துவர்.

'ஆட்சேபணை இல்லை' என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். அதுதான் வழக்கம்.

"ஒண்ணு கேக்கலாமா டாக்டர்?" என்றார் அக்கா. "ஊசி எங்க கைக்கு வந்தப்புறம் என்ன பண்றதுன்னு பேசறோம். அது துணிக்குள்ள எப்படி வந்துச்சு?"

நர்ஸ்களின் கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். "எங்க பொண்ணுங்க கவனக்குறைவா இருக்காங்கன்னு சொல்றீங்களா?"

"இல்லம்மா. எனக்குத் தெரியல. அதான் கேக்கறேன்."

அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முடிவு ஒரு மாதம் தள்ளிப்போனது.

அந்த மாதம் முழுக்க, துணியில் அகப்பட்ட ஊசிகளை அக்கா இடுக்கியால் எடுத்து ஒரு தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூட்டையில் எந்த வார்டின் சீட்டு இருந்தது என்று குறித்து வைத்தார். மொத்தம் பதினான்கு. அதில் ஒன்பது எலும்பு முறிவு வார்டிலிருந்து வந்தவை. சாப்பாட்டு நேரத்தில் படியேறி அங்கே போனார். நீளமான கூடம். கடைசிக் கட்டிலிலிருந்து வாசலோரம் சுவரில் மாட்டியிருந்த, போட்டு முடித்த ஊசியைப் போடும் பெட்டி வரை நடந்து பார்த்தார். நாற்பத்தொரு அடி வைக்க வேண்டியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நர்ஸ் ஊசி போட்டுவிட்டுத் தட்டைக் கட்டில்மேல் வைத்தாள். பக்கத்துக் கட்டில்காரர் வாந்தியெடுக்க, அப்படியே ஓடினாள். தட்டு சரிந்து ஊசி விரிப்பில் உருண்டது.

அக்கா தட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவள் திரும்பி வரும்வரை காத்திருந்தார்.

"பெட்டிய இங்கயே கட்டில் பக்கத்துல மாட்டினா என்ன தங்கச்சி?"

"மாட்டக்கூடாதுக்கா. விதி இருக்கு."

"யாரு போட்டது?"

"பாதுகாப்புக் குழு."

"எந்தப் பாதுகாப்புக் குழு?"

"இப்ப நீங்க போறீங்களே, அதேதான்."

அங்கிருந்து நேராக என் அறைக்கு வந்தார். பழைய அலமாரியைக் குடைந்து, எட்டு வருடத்துக்கு முந்தைய சுற்றறிக்கையையும் அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டையும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு குழந்தை கட்டிலோரப் பெட்டிக்குள் கையை விட்டதால் வந்த விதி அது. அக்கா இரண்டையும் அருகருகே வைத்து, விரல் வைத்து வாசித்தார்.

"அண்ணே, குறிப்பேட்டுல 'குழந்தைகள் வார்டில்'னு இருக்கு. சுற்றறிக்கையில அது காணோமே."

வாங்கிப் பார்த்தேன். கூட்டம் ஒரு வார்டுக்குச் சொன்னது, சுற்றறிக்கையில் மொத்த மருத்துவமனைக்கும் ஆகியிருந்தது. அடியில் தட்டச்சு செய்தவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

"அடிச்சது நான்தான்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னாடி பதினோரு கையெழுத்து இருக்கு. ஒருத்தர்கூடவா படிக்கல?"

"கூட்டத்துல பேசினதுதானேன்னு போட்டிருப்பாங்க."

"வார்டுல இருக்கறவங்க?"

"குழு சொல்லியிருக்கு, காரணம் இல்லாம இருக்காதுன்னு நினைச்சிருப்பாங்க."

இரண்டு காகிதத்தையும் சேர்த்து என்னிடம் நீட்டினார். "கோபம் வராம இல்லண்ணே. எங்க நாத்தனா ராத்தூக்கம் இல்லாம கெடக்கா. ஆனா இத நீங்களே எந்திரிச்சு சொல்லிடுங்க. நான் சொன்னா போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

இருபது வருடம் அந்தக் கூட்ட அறையில் எழுதியிருக்கிறேனே தவிர, வாய் திறந்ததில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னேன். நாக்கு இரண்டு இடத்தில் குழறியது. சுற்றறிக்கை கைமாறிக் கைமாறிப் போனது. முதல் கையெழுத்து தலைமை மருத்துவருடையது.

"ரெண்டாவது என்னோடது" என்றார் கண்காணிப்பாளர், யாரும் கேட்காமலேயே.

தலைமை மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிழைன்னு எழுத வேண்டாம். 'மறுபரிசீலனைக்குப் பின் திருத்தப்பட்டது'ன்னு போட்டுக்குங்க."

"அப்படிப் போட்டா, பின்னால ஒருத்தர் வந்து தேடினா அவருக்கு என்ன டாக்டர் புரியும்?" என்றார் அக்கா. "நடந்ததையே எழுதலாமே."

தலைமை மருத்துவர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "சரி. நடந்ததையே எழுதுங்க."

நர்ஸ்கள் தள்ளிப்போகும் ஊசி வண்டியிலேயே ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்திவிட்டால் அது கட்டிலுக்குக் கட்டில் கூடவே போகும் என்று யோசனை சொன்னவர் கண்காணிப்பாளர்தான். இன்றே எல்லா வார்டுக்கும் அனுப்பிவிடலாம் என்றார்கள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வார்டில் ஒரு மாதம் வைத்துப் பார்ப்போம் என்றார். எலும்பு முறிவு வார்டில் வைத்தோம். அந்த மாதம் அங்கிருந்து வந்தது ஒரே ஒரு ஊசி. அதற்குப் பிறகுதான் மற்ற வார்டுகளுக்குப் போனது. அந்தச் சுற்றறிக்கையை அனுப்பும் முன் நான் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். இரண்டு பேர் சலித்துக்கொண்டார்கள்.

நாத்தனாரின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. "அண்ணி, இனிமே நீங்க எதை வேணா நோண்டி நோண்டிக் கேளுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாராம். அந்த வாக்கு இரண்டு நாள் தாங்கியது.

இந்த வருடம் சலவையில் இதுவரை இரண்டே ஊசிகள். ஒன்று வந்த வழி தெரிந்துவிட்டது. இன்னொன்று கண் சிகிச்சை வார்டின் மூட்டையில் இருந்தது. அங்கே எல்லா வண்டியிலும் பெட்டி இருக்கிறது, எல்லாரும் அதில்தான் போடுகிறார்கள். போன வாரமும் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அந்த வார்டுக்குப் படியேறிப் போவதைப் பார்த்தேன்.