பின்வாசல் கைப்பிடிக்கு ஒரு வரைபடம்

“சொந்தப் பொழுதுபோக்குக்கு மட்டுமே இலவசம். வருமானம் தரும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.” நான் முதலில் இறக்கிய வரைபட மென்பொருளின் விதி இது. ஓய்வு பெறும்வரை விதிகளோடே குடும்பம் நடத்தியவன் நான். மீறிப் பழக்கமில்லை.

வரைய வேண்டியது, மூட்டு அறுவை முடிந்த என் மனைவிக்குப் பின்வாசல் படியில் ஓர் இரும்புக் கைப்பிடி. நான் வரைவது பொழுதுபோக்கு. ஆனால் அதைப் பார்த்துச் செய்யும் பாறசாலை ஊர் வெல்டர் கூலி வாங்குவார். அப்போது அது வருமானமா? இன்னொரு இலவச மென்பொருளுக்கு நிபந்தனையே இல்லை; நிபந்தனை இல்லாததை எப்படி நம்புவது? குழம்பிப்போய், முதல் நிறுவனத்துக்கே விளக்கம் கேட்டு நீளமாக எழுதினேன்.

“கைப்பிடிக் கம்பி எப்ப வரும்?” என்றாள் மனைவி.

“பதில் வரட்டும்.”

“அதுக்கு முன்ன நான் விழுந்திருவேன் ஆக்கும். அப்பவும் எழுதிக் கேட்டுட்டுத்தான் தூக்குவியளோ?”

மறுநாள் காலை, ஜன்னல் கம்பியில் பழைய சேலையைக் கட்டி, அதைப் பிடித்துப் படியிறங்கிக்கொண்டிருந்தாள். முடிச்சு நழுவியது. ஓடிப்போய்த் தாங்கினேன். அன்றே வெல்டரை அழைத்துவந்தேன். வரைபடம் இல்லாமலே கைப்பிடி ஏறியது.

நிறுவனத்தின் பதில் பிறகு வந்தது: “என்ன செய்கிறீர்கள், யாருக்காக?” என் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். பிரிவும் உட்பிரிவும் இருந்தன, அவள் இல்லை. எந்த மென்பொருள் சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பதிலைப் படித்தபோது அவள் கைப்பிடியைப் பிடித்து இறங்கி, மிச்சப் பாயசத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அன்று திருவோணத்துக்கு மறுநாள்.