எங்க வீட்டுப் பிரிண்டர் போட்ட பில்

என் வீட்டுக்காரரை ஆபீஸ்ல யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை. "ஒழுங்கு வந்தாச்சா?", "ஒழுங்குகிட்ட சொல்லுங்க" இப்படித்தான். கம்ப்யூட்டர், நெட் லைன் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் இழுத்த ஒயரெல்லாம் தலைவாரிப் பின்னின மாதிரி இருக்கும். யாராவது ஒண்ணைக் கோணலா மாட்டிட்டா போதும், மனுஷனுக்குச் சோறு இறங்காது. நானும் அதே கம்பெனிதான். மருந்துக்கடைகளுக்கு மொத்தமா மருந்து அனுப்பற இடம், நான் பில் பிரிவு. அவர் ஒயர் இழுக்க என் மேஜைக்கடியில நுழைஞ்சு, நான் தெரியாம காலால உதைச்சு, அப்படி ஆரம்பிச்சது எங்க கதை. கல்யாணத்துக்கப்புறம்தான் தெரிஞ்சது, சமையலறை டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்டற ஆளுன்னு. உப்பு மூணாம் நம்பர். நான் உப்பை வேற டப்பாவுல போட்டுட்டா ஏதோ கொலை நடந்த மாதிரி பார்ப்பார்.

பேச்சுதான் வராது. ரெண்டு தடவை எனக்குக் கலைஞ்சு போச்சு. முதல் தடவை நான் தொட்டிலுக்கு இடம் பார்த்து, பேருகூட யோசிச்சு வச்சிருந்தேன். அப்பவும் இவர் வாயைத் திறக்கலை, ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மூணாவது தடவை நின்னப்போ, பிறக்கிற வரைக்கும் அதைப் பத்தி வீட்டுல ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு நானே சொன்னேன். சரின்னுட்டார். சொன்னதோட சரி, நிஜமாவே ஒரு வார்த்தை பேசலை. கல்லுளிமங்கன்னு மனசுக்குள்ள எத்தனை திட்டு திட்டியிருப்பேன்!

டாக்டரம்மா கறாரா சொல்லிட்டாங்க. "படுத்தே இருக்கணும். மாடிப்படி ஏறினீங்கன்னா அப்புறம் என்னைக் கேட்காதீங்க." எங்க பில் பிரிவு மேல் மாடியில. லிஃப்ட் கிடையாது.

எங்க மேனேஜர் நல்ல மனுஷன்தான், மாசக் கடைசி வந்தாதான் பேய் பிடிச்ச மாதிரி ஆயிடுவார். "வீட்டுலேர்ந்தே போடுங்கம்மா, எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா திங்கக்கிழமை மாசக் கடைசி பில் எல்லாம் போயாகணும். போகலைன்னா அந்த சீட்டுக்கு வேற ஆளைப் போடறதைத் தவிர எனக்கு வழியில்லை"ன்னார். அந்த சீட்டுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கீழே பார்சல் ஒட்டற வேலையில சேர்ந்து, ஒவ்வொரு படியா மேல வந்து, பில் பிரிவுக்கே தலைவியா உட்கார்ந்த இடம் அது. "வீட்டுல ஆபீஸ் லைன் வரலைன்னா வண்டியைப் பிடிச்சு நானே ஆபீஸுக்கு வந்துடுவேன்"னு இவர்கிட்ட சொன்னேன். சும்மா மிரட்டறதுக்குச் சொல்லலை. வந்தே இருப்பேன். அது இவருக்கும் தெரியும். முகம் வெளுத்துப் போச்சு.

அன்னைக்கே வேலையில இறங்கிட்டார். வெளியில இருக்கிறவங்க இன்டர்நெட் வழியா ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்றதுக்குப் பூட்டுப் போட்ட தனி வழி ஒண்ணு உண்டு, விபிஎன்னு சொல்வாங்க. அதை அமைச்சு முதல்ல ஊர் ஊரா சுத்தற விற்பனை ஆட்களுக்குக் கொடுத்தார். எல்லாருக்கும் ஜோரா வேலை செஞ்சுது. ஞாயித்துக்கிழமை என் லேப்டாப்பை எடுத்தார். வீட்டு வைஃபையை விட்டுட்டு, தன் போன்ல இருக்கிற நெட்டைக் கொடுத்துப் பார்த்தார். "வெளியாள் எப்படி வருவானோ அப்படித்தான் சோதிக்கணும்"னார். பில் பக்கம் பட்டுனு திறந்துச்சு. "பார்த்தியா?"ன்னு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் நிம்மதியாத் தூங்கினேன்.

திங்கக்கிழமை காலையில அவர் போனைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் போயிட்டார். நான் தலையணையில சாஞ்சுக்கிட்டு, வீட்டு வைஃபையில ஆபீஸ் லைனைப் போட்டேன். பச்சை விளக்கு வந்துச்சு. பில் பக்கத்தை அழுத்தினேன். வேற ஏதோ பக்கம் வந்துச்சு. மறுபடியும் அழுத்தினேன். அதே பக்கம். போன் போட்டேன்.

"எல்லாருக்கும் வருது. உனக்கு மட்டும் எப்படி வராம போகும்? அட்ரஸைத் தப்பா அடிச்சிருப்பே."

"நான் என்ன நேத்துப் பிறந்தவளா? நீங்க போட்டுக் கொடுத்த பட்டனைத்தாங்க அழுத்தறேன்!"

அணைச்சுப் போடுன்னார், போட்டேன். அவர் அங்கே எதையோ அணைச்சுப் போட்டார். ஒண்ணும் நடக்கலை. பின்னாடி மேனேஜர் குரல் கேட்டுச்சு, "என்ன ஒழுங்கு, ஆகுமா ஆகாதா? கடைக்காரங்க போன் மேல போன் போடறாங்க."

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! லேப்டாப்பை மூடினேன். "போதுங்க. வண்டிக்குச் சொல்லப் போறேன். மெதுவா ஏறி வந்துடறேன்"னு காலைக் கீழே வச்சேன்.

"படுடீ!"

அப்படியே உறைஞ்சு போயிட்டேன். கட்டின நாளா என்னை ஒரு தடவை டீ போட்டுக் கூப்பிட்டதில்லை. ஆபீஸ் மொத்தமும் கேட்டிருக்கும். பேசாம படுத்துட்டேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்கற சத்தம். அப்புறம் தணிஞ்ச குரல்ல, "அந்த வேற பக்கத்துல என்ன இருக்குன்னு படி. ஒரு எழுத்து விடாம"ன்னார்.

படிச்சேன். "மை குறைவாக உள்ளது. தாள் தட்டு காலி."

அந்தப் பக்கம் நெத்தியில அடிச்சுக்கிட்ட சத்தம் கேட்டுச்சு.

"அட கடவுளே, அது நம்ம வீட்டுப் பிரிண்டர்"னார்.

விஷயம் இதுதான். நெட்வொர்க்கில இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு, வீட்டுக்குக் கதவு நம்பர் மாதிரி. இந்த மகானுபாவர் ஆபீஸ்ல போட்ட அதே நம்பர் வரிசையை, அழகா இருக்குன்னு நம்ம வீட்டுலயும் அப்படியே போட்டு வச்சிருக்கார். ஆபீஸ்ல பில் மெஷினுக்கு என்ன நம்பரோ, இங்கே அதே நம்பர் பிரிண்டருக்கு. வெளியே போற வழியெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா நான் அந்த நம்பரைக் கேட்டதும், இதோ பக்கத்துலயே இருக்கேன்னு லேப்டாப் கட்டில் பக்கத்துப் பிரிண்டர்கிட்ட போய் நின்னுடுச்சு. வேற எவன் வீட்டுலயும் இந்தக் கூத்து நடக்காது. வீட்டையே ஆபீஸ் மாதிரி அடுக்கி வைக்கிற ஆளைக் கட்டினவளுக்குத்தான் நடக்கும். அவர் சோதிச்சது போன் நெட்டுல, அதுல பிரிண்டர் கிடையாது, அதனால ஞாயித்துக்கிழமை அகப்படலை.

"வீட்டு வரிசையை மாத்திட்டா சரியாயிடும். நீ எழுந்திரிக்க வேண்டாம், படுத்த இடத்துலேர்ந்தே மாத்தலாம். நான் சொல்ற பக்கத்தைத் திற"ன்னார். திறந்தேன். வைஃபை பெட்டியோட பக்கம். பாஸ்வேர்டு கேட்டுச்சு.

"என்ன பாஸ்வேர்டு?"

தொண்டையைச் செருமினார்.

"ஏங்க, மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. இரு." நடக்கற சத்தம், ஒரு கதவு மூடற சத்தம். "சிரிக்கக்கூடாது"ன்னார்.

"சிரிக்கிற நேரமாங்க இது?"

"நாம மூணு பேர். இடம் விடாம, சேர்த்து அடி."

"எப்ப வச்சீங்க இதை?"

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னைக்கு. பேசக்கூடாதுன்னுட்டே. எங்கேயாவது ஓரிடத்துல எழுதி வைக்கணும் போல இருந்துச்சு."

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு. இந்த மனுஷனைப் போயா கல்லுன்னு நினைச்சேன்? ஒவ்வொரு தடவை அந்தப் பெட்டியைத் திறக்கும்போதும் இதை அடிச்சிருக்கார், பக்கத்துல படுத்திருந்த எனக்குத் தெரியாம.

"அழாதே. அழுதா உனக்கு ஆகாது. முதல்ல நம்பரை மாத்து, மேனேஜர் கதவைத் தட்டறார்"னார். அவர் குரலும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

கண்ணைத் துடைச்சுக்கிட்டே மாத்தினேன். பெட்டி அணைஞ்சு எரிஞ்சுது. ஆபீஸ் லைனைப் போட்டு, பில் பக்கத்தை அழுத்தினேன். வந்துச்சு! என் பக்கம், என் கடைக்காரங்க, எல்லாம் வந்துச்சு. அப்பாடா! நெஞ்சுல ஏத்தி வச்சிருந்த கல்லை யாரோ இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. முதல் பில்லை அனுப்பினதும் அந்தப் பக்கம் மேனேஜர் "போயிடுச்சு, போயிடுச்சு!"ன்னு கத்தினது எனக்கே கேட்டுச்சு. சாயங்காலத்துக்குள்ள அத்தனை பில்லும் போட்டு முடிச்சேன், கட்டிலை விட்டு இறங்காம. பிரிண்டர்தான் புது நம்பர் தெரியாம பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நின்னுது. கிடக்கட்டும் சனியன்னு விட்டுட்டேன்.

அந்த சீட் என்னை விட்டுப் போகலை. பிரசவம் வரைக்கும் படுத்துக்கிட்டேதான் பில் போட்டேன். பொண்ணு பிறந்துச்சு, அவர் மூக்கு, என் தொண்டை. அவ அழுதா மேல் வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்தறாங்க.

ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்ததும் மனுஷன் பிள்ளையை ஒரு கையில வச்சுக்கிட்டு, இன்னொரு கையால லேப்டாப்பைத் தட்டிக்கிட்டிருந்தார். என்ன பண்றீங்கன்னு கேட்டேன். பாஸ்வேர்டை மாத்தறேன்னார். எனக்குச் சுருக்குன்னுது. "ஏங்க, அது நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் மாத்தறீங்க?"

"ஊருக்கே தெரிஞ்ச விஷயத்தை எவனாவது பாஸ்வேர்டா வைப்பானா?"ன்னார், பிள்ளை முகத்தைப் பார்த்துக்கிட்டே.