தொட்ட தட்டும் தொடாத தட்டும்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குக் காத்தாடி என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் காத்தாடி. வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் நாற்காலியில் சேர்ந்தாற்போல உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே போன் பேசுவாள், கூட்டங்களில் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடி, பக்கத்தில் இருப்பவரின் உயிரை வாங்குவாள். இப்படிப்பட்ட மனுஷி போயும் போயும் நட்ட இடத்தை விட்டு நகராத செடியை ஆராய்ச்சிக்கு எடுத்தாளே என்று சிரிப்பார்கள்.

சிரிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? செடி நகராதுதான். அதற்குள்ளே நகர்கிற சமாசாரம் இருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் மரபுச் சங்கிலியில் சில துண்டுகள் வைத்த இடத்தில் இருப்பதில்லை. கழன்று போய் வேறெங்காவது ஒட்டிக்கொள்ளும். தாவும் மரபணு என்பார்கள். கண்டபடி தாவ விட்டால் குடி முழுகிவிடும் என்று, செடி தானே அவற்றின் மேல் சின்னச் சின்ன வேதிக் குறிகளை வைத்துப் பூட்டிவிடுகிறது. சங்கிலியில் ஓர் எழுத்தும் மாறாது, பூட்டு மட்டும் விழும், திறக்கும். இந்தப் பூட்டு சமாசாரத்தைப் படிப்பதற்குத்தான் எபிஜெனடிக்ஸ் என்று பெயர். அவள் வளர்த்தது சாண் உயரச் செடி. பூவுக்குச் சிவப்பு தரும் மரபணுவின் நட்டநடுவில் ஒரு தாவும் துண்டு போய் உட்கார்ந்திருந்ததால் அதன் பூ வெள்ளை. பூட்டு திறந்து துண்டு கிளம்பிவிட்டால், அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும்.

சூட்டில் வாட்டிய செடிக்குப் புள்ளி விழுந்தது. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதன் விதையை எடுத்துக் குளுகுளு அறையில் செல்லமாக வளர்த்த பிறகும், பிள்ளைக்கும் பிள்ளையின் பிள்ளைக்கும் புள்ளி விழுந்ததுதான் அவளைப் பெரிய ஆளாக்கியது. தாய் பட்ட சூட்டைச் செடி மறப்பதில்லை என்று அவள் கட்டுரை எழுதினாள். பதினொரு வருட உழைப்பு. அவள் பேரைச் சொன்னால் அந்தப் பூவும், பூவைச் சொன்னால் அவள் பேரும் ஞாபகம் வரும் அளவுக்கு ஆகிவிட்டது.

வந்தது வினை. கல்லூரியில் அவளோடு படித்தவன், இப்போது வேறொரு ஊரில் பெரிய ஆராய்ச்சிக் கூடம் நடத்துகிறவன், அவளிடமே சூடு பட்ட வம்சத்து விதையை வாங்கி வளர்த்துப் பார்த்தான். அத்தனை பூவும் பால் வெள்ளை. தடிமனான கண்ணாடிக்காக அவனுக்குச் சோடாபுட்டி என்று பெயர் வைத்ததே அவள்தான். நல்லவன், வெளியில் மூச்சு விடவில்லை. நேரில் வருகிறேன், நீ செய்கிறதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றான். வந்து பார்க்கட்டும், அவனுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடத் தெரிந்திருக்காது என்று வீட்டில் பொருமித் தீர்த்தாள்.

செடி அறைக்குள் அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவள் சூட்டு வம்சத்துத் தட்டுக்குப் போனாள். ஒரு செடி விடாமல் தண்டை நிமிர்த்தினாள், இலையைப் புரட்டினாள், மொட்டை இரண்டு விரலால் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தாள். வாய் நிற்காமல் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

"தினமும் இப்படித்தான் பாப்பியா?"

"முளை விட்ட நாள்லேர்ந்து. புள்ளி எங்க வரும்னு சொல்ல முடியாது. தேடணும்."

"அப்ப அந்தத் தட்டு?" சூடே படாத வம்சத்தைக் காட்டினான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே வளர்க்கும் கன்ட்ரோல் தட்டு அது.

"அது கன்ட்ரோல். எல்லாம் வெள்ளை, மேலேர்ந்து பாத்தாலே தெரியும். அதை நான் தொடறதே இல்ல," என்றாள், பெருமையாக.

சொல்லி முடிக்கும்போதே அவள் கை மொட்டின் மேல் நின்றுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

சூடு, குளிர், வறட்சி போலவே செடிக்குத் தொடுகையும் ஒரு தொல்லைதான். இதை வகுப்பில் அவளே பாடமாக எடுத்திருக்கிறாள். அப்படியானால் பூட்டைத் திறந்தது தாய் பட்ட சூடா, தினமும் போய்ப் புரட்டிய இவள் கையா? இரண்டு வம்சத்திலும் பாதிச் செடிகளைத் தினமும் தொட வேண்டும், மறு பாதியைத் தொடவே கூடாது. எது எதுவென்று தெரியாமல் வேறொருவர் பூவை எண்ண வேண்டும். பூக்கும்வரை அவள் அந்த அறைப்பக்கமே தலை காட்டக்கூடாது. நிபந்தனையைப் போட்டவளும் அவள்தான். தொடும் வேலை அவளுடைய ஆராய்ச்சி மாணவிக்குப் போனது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, இந்தப் புள்ளியை நம்பியே முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த பெண்.

அந்த ஒன்றரை மாதம் அவள் இருந்த இருப்பை என்னவென்று சொல்வது! நிலையத்தில் அந்த ஒரு அறை தனக்கு மூடியிருக்க, அந்த வழியாகத்தான் எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்பதுபோலத் திரிந்தாள். வீட்டில் அலமாரியை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். கணவர் பல் டாக்டர். மனிதர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் உட்கார்ந்திருந்த சோபாவை இழுத்துச் சுவரோரம் போட்டாள்.

"பல்லு பிடுங்கிட்டுப் போறவங்ககிட்ட நாக்கை அங்க கொண்டு போகாதீங்கன்னு தினம் சொல்றேன்," என்றார் அவர், சோபாவோடு நகர்ந்தபடியே. "இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டிராத மனிதர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

பூத்தது. எண்ணி முடித்து, எது தொட்டது எது தொடாதது என்று எழுதி மூடி வைத்திருந்த சீட்டைப் பிரித்தார்கள். தொட்ட செடிகளில் புள்ளி, எந்த வம்சமானாலும் சரி. தொடாதவற்றில் ஒன்றுகூட இல்லை, சூட்டு வம்சமானாலும் சரி. சந்தேகத்துக்கு இம்மியும் இடமில்லாமல், அழகாக, தெளிவாக வந்திருந்தது. இத்தனை தெளிவான முடிவு அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

மாணவி கதவைச் சாத்திவிட்டு வந்து தயங்கித் தயங்கிப் பேசினாள். "மேடம், சோதனைக்கு என்ன காரணம்னு அந்த சாருக்கும் நமக்கும்தான் தெரியும். அவரும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. தொட்டா புள்ளி விழும்னு இதைத் தனிக் கட்டுரையா போட்டுடலாம். பழசு பாட்டுக்கு அப்படியே கிடக்கட்டுமே."

அவள் கோபப்படுவாள் என்று மாணவி எதிர்பார்த்தாள். கோபப்பட அவளுக்கு என்ன யோக்கியதை? இதே யோசனை அவள் மனதிலும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. புதுக் கண்டுபிடிப்பு என்று பேர் வாங்கலாம், பழைய பேரும் போகாது. ஜன்னல் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். கடைசியில் மாணவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"செடிங்க பாட்டுக்குத் தூங்கிட்டிருந்துதுங்க," என்றாள். "தினமும் நான்தான் போய் உலுக்கி எழுப்பியிருக்கேன். எழுப்பிவிட்டுட்டு, பாருங்க, அம்மா பட்ட சூடு, பாவம் இதுங்களுக்குத் தூக்கமே வரலன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன்."

மாலைக்குள் பத்திரிகைக்குக் கடிதம் போய்விட்டது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், அந்தக் கட்டுரைக்கான செடிகளைத் தொட்டவள் நான் ஒருத்திதான் என்று அதில் எழுதியிருந்தாள். மாணவியின் பெயர் அதில் எங்கும் இல்லை.