எலிக்கூட்டின் மேல் ஒரு லித்தியம் பேட்டரி

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஓட்டைச்சட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கேலி இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். பத்தொன்பது வருஷமாக பேட்டரிக் கடை நடத்துகிறவளின் சட்டையில் ஆசிட் தெறித்து ஓட்டை விழாமல் இருக்குமா? ஒவ்வொரு கார் பேட்டரியும் பதினாறு, பதினேழு கிலோ. தூக்கித் தூக்கி இடுப்பு பாதி கழன்றுவிட்டது. குளித்தாலும் அந்தப் புளித்த வாடை தலைமுடியை விட்டுப் போகாது. வீட்டில் அவள் துணிக்கு மட்டும் தனி வாளி.

அதனால் அக்கா புருஷன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் லித்தியம் பேட்டரியோடு வந்து இறங்கியபோது அவளுக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள். நாலு கிலோகூடத் தேறாது; விலைதான் பல மடங்கு.

“இதை இந்த வெள்ளைக் கார்ல மாட்டிடு. வண்டிய விக்கப் போறேன்,” என்றார் அத்தான்.

பானட்டைத் திறந்தாள். பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. முதலில் நெகடிவ், பிறகு பாசிட்டிவ் என்று வயர்களைக் கழற்றி, பழைய பேட்டரியை மூச்சைப் பிடித்து வெளியே எடுத்தாள். அடியில், பேட்டரி உட்காரும் தட்டில், எலிக்கூடு. பஞ்சும் கடித்த காகிதமும் ஆசிடில் ஊறி, நடுவில் ஒரு எலி செத்துக் காய்ந்து தட்டோடு தட்டாக ஒட்டியிருந்தது. 

அத்தான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். “அது பாட்டுக்குக் கெடக்கட்டும். மேல ஒரு ரப்பர் ஷீட்ட போட்டு மூடிடு. யார் பாக்கப் போறா?”

“ஓட்டுறவங்க மூச்சு விடணுமே அத்தான்.”

சோடா உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினாள். நுரைத்துக்கொண்டு பொங்கியது. சுரண்டினாள், கழுவினாள், துருவைத் தேய்த்து பெயின்ட் அடித்துக் காயவிட்டாள். அவ்வளவு நேரமும் அவர் கார்க் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டிருந்தார். புது பேட்டரி சின்னது, பழைய தட்டில் சும்மா வைத்தால் குலுங்கும். சுற்றிலும் கெட்டி ஃபோம் முட்டுக்கொடுத்து, மேலே பட்டை போட்டு முடுக்கினாள். சாவியைத் திருப்பியதும் வண்டி தும்மாமல் கிளம்பியது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். பதினாலு புள்ளி இரண்டு வோல்ட். லித்தியத்துக்குத் தோதான சார்ஜ்.

“பழைய பேட்டரிய தூக்கிப் போட்டுடாத,” என்றார் அத்தான். “நாளைக்கு ஒரு வாத்தியார் வண்டி பாக்க வர்றார். விளம்பரத்துல லித்தியம்னு போட்டிருக்கேன், அதுக்குத்தான் மயங்கிட்டார். பேரம் முடிஞ்சதும் வண்டிய இங்க கொண்டு வரேன். நீ பழசையே மாட்டி மூடிய போட்டுடு. வாத்தியார் இன்னொரு தடவை பானட்டத் திறக்கவா போறார்? இது என் இன்னொரு வண்டிக்கு.”

செத்த எலியைவிட இந்தப் பேச்சு அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இந்த மாதிரி வேலையில் அவளுக்கும் ஏற்கெனவே பங்கு உண்டு என்பதுதான் காரணம். இரண்டு வருஷம் முன்னால், அக்கா முகத்துக்காக, இதே மனுஷனுக்கு ஒரு பழைய பேட்டரியில் புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருந்தாள். அதை வாங்கிய ஆள் யாரென்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் முகம் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை.

“என்னால முடியாது அத்தான்.”

“நம்ம குடும்பத்துக்குள்ள என்ன முடியும் முடியாது? உங்கக்காகிட்ட சொல்றேன்,” என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வாத்தியாரைக் கடைக்கே கூட்டி வந்துவிட்டார். மச்சினி வாயைத் திறக்க மாட்டாள் என்று அப்படி ஒரு தைரியம். “மாட்டினதே நம்ம பொண்ணுதான் சார், கேட்டுக்கோங்க,” என்றார்.

அவள் ஸ்பேனரை எடுத்தாள். பேட்டரியைக் கழற்றி வாத்தியாரின் இரண்டு கையிலும் வைத்தாள். கனமாக இருக்கும் என்று காலை அகட்டி நின்ற மனுஷன் லேசாகத் தடுமாறினார்.

“வெயிட்ட நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க சார். பக்கவாட்டுல அடிச்சிருக்கிற நம்பர எழுதிக்கோங்க. வாரண்டி அட்டைய உங்க பேர்ல எழுதித் தரேன். வண்டிய எடுக்கிற அன்னைக்கு பானட்டத் திறந்து, இதே நம்பரான்னு பாத்துட்டு எடுங்க.”

“ஏம்மா, மாறுமா என்ன?” என்று கேட்டார் வாத்தியார்.

“மாத்தச் சொல்லி நேத்து எங்கிட்ட சொன்னாங்க.”

அத்தானின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது. “விளையாட்டுக்குச் சொன்னேன் சார்,” என்று இழுத்தார். வாத்தியார் அவரைப் பார்க்கவே இல்லை. நம்பரை எழுதினார், விலையைக் குறைத்துக் கேட்டார், அவள் திரும்ப மாட்டிக் கொடுத்த அதே பேட்டரியோடு அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அத்தான் அதன்பிறகு கடைப் பக்கம் வரவில்லை. சொந்தக்காரர்களிடம் எல்லாம் அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்காவும் மூன்று மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று இவள் வாயைத் தயார் செய்துகொண்டாள்.

“அவர் அப்படித்தான்னு எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும்டி,” என்றாள் அக்கா. “நீ ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்ததும் தெரியும். அன்னைக்கே நீ முடியாதுன்னு சொல்லுவன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

ஓட்டைச்சட்டை கழுவிய கையையே திரும்பவும் கழுவப் போனாள்.