கோடியில் ஓடுகிறவனின் முகம்

யம்னாவின் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது. பதினைந்து குதிரை வீரர்கள் ஒரே வரிசையில் பாய்ந்து வந்து துப்பாக்கி சுடும் படம். நடுவில் வரும் குழுத் தலைவரின் தலைப்பாகை மடிப்பைக்கூட எண்ணிவிடலாம். வலது கோடியில் பழுப்பாக ஒரு தீற்றல் இருக்கிறதே, அதுதான் யம்னாவின் அப்பா. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கோடியில் குதிரை ஓட்டிய மனிதர். செத்த பிறகு மிஞ்சிய ஒரே படத்தில் அவருக்கு முகம் இல்லை.

அந்த ஆத்திரம்தான் யம்னாவைக் கேமரா பிடிக்க வைத்தது. கலை ஆர்வம், அது இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று பருவம் கடல் தாண்டி ஸ்பெயினுக்குப் போய் முதுகு ஒடிய ஸ்ட்ராபெரி பறித்தாள். அந்தக் காசில் ஒரு பழைய டிஜிட்டல் கேமராவும் நீள லென்ஸும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். மாடி கட்டப்போகிறாள் என்று காத்திருந்த புருஷன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். போகட்டும் என்று இருந்துவிட்டாள். நான் அவளாக இருந்திருந்தால் கதவையும் தாழ் போட்டிருப்பேன்.

துக்காலா சமவெளியில் அறுவடை முடிந்தால் மவ்சிம் திருவிழா. குதிரைகள் நாலு கால் பாய்ச்சலில் வரும், ஆட்கள் சேணத்தில் எழுந்து நிற்பார்கள், தலைவர் குரல் கொடுத்ததும் பதினைந்து துப்பாக்கியும் ஒன்றாக வெடிக்க வேண்டும். ஒரே சத்தம் கேட்டால் மானம் பிழைத்தது. இரண்டாகக் கேட்டால் அடுத்த வருஷம் வரை சந்தையில் தலைகாட்ட முடியாது.

படம் எடுக்கிற ஆண்கள் அத்தனை பேரும் தலைவர் மேல் ஃபோகஸ் வைத்து அமுக்குவார்கள். படம் வாங்குகிறவர் அவர்தானே. தானாக ஃபோகஸ் தேடும் கேமராவும் அவர்களுக்குத் தோதாக நடுவில் போய் ஒட்டிக்கொள்ளும்; இல்லையென்றால் புழுதியைப் பிடித்துக்கொண்டு தவிக்கும். கோடியில் வருகிறவன் எப்படிப் போனால் யாருக்கு என்ன?

யம்னாவின் வழி வேறு. காலையிலேயே வெறும் மைதானத்தில் இறங்கி, துப்பாக்கிகள் எந்த இடத்தில் வெடிக்கும் என்று முந்தைய நாள் கரி படிந்த மண்ணைப் பார்த்துக் கண்டுபிடிப்பாள். அங்கே ஒரு தேநீர்க் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றோரமாகத் தன் இடத்துக்குத் திரும்பி, கிளாஸின் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை லென்ஸ் வளையத்தைக் கையால் திருகுவாள். வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டால் அப்புறம் தொடமாட்டாள். ஷட்டர் கண்மூடித் திறக்கும் வேகத்தைவிட நூறு பங்கு வேகம். லென்ஸின் வாயைச் சுருக்கி வைத்தால் முன்னே பின்னே நிற்கிறவர்களும் தெளிவாக விழுவார்கள். இவ்வளவு செய்தும் பதின்மூன்று முகங்களுக்கு மேல் அவளுக்குத் தேறியதில்லை. தூரக் கோடியில் இரண்டு பேர் கலங்கிப்போவார்கள். ஆறு வருஷமாக அந்த இரண்டு முகங்கள்தான் அவளுடைய தலைவலி.

போன மவ்சிமின் இரண்டாம் நாள் ஹாஜி பூஷ்தாவின் குழு ஓடியது. ஊரே பார்த்திருக்க, இரண்டு சத்தம் கேட்டது.

ஹாஜி குதிரையை விட்டு இறங்குவதற்கு முன்பே கையை நீட்டிவிட்டார். "கோடியில வந்த ஹம்முதான். அவன் வெடி லேட்டு. என் காதுல விழுந்துச்சு."

ஹம்மு சுவர் பூசும் தொழிலாளி. இரவல் குதிரையில் ஓடுகிறவன். "நான் சரியாத்தான் சுட்டேன் ஹாஜி," என்றான். "நாளைக்கு நீ குதிரை ஏற வேண்டாம்," என்றார் அவர். மற்ற படக்காரர்களின் கேமராக்களில் தேடினார்கள். "ஹம்மு இருக்க வேண்டிய இடத்துல ஒரு தீற்றல்தான் இருக்கு," என்றார்கள்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் யம்னாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. மைதான ஓரத்தில் படம் பிரிண்ட் போட்டு விற்கிற தன் கூடாரத்துக்குள் போய் ஸ்கிரீனில் படத்தைப் பெரிதாக்கினாள். ஹம்மு ஓடியது அவள் பக்கத்துக் கோடியில்; அவன் பல் கடிப்புகூடத் தெரிந்தது. அவன் துப்பாக்கி முனையில் புகை. தூரத்தில் கலங்கிய இருவரையும் சேர்த்து வரிசையில் பதினான்கு முனைகளில் புகை. புகை இல்லாத ஒரே துப்பாக்கி ஹாஜியுடையது. அவர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தார்.

ஹாஜியைக் கூப்பிட்டுக் காட்டினாள். மனிதர் ஸ்கிரீன் பக்கம் குனிந்து பார்த்தார்.

"இத அழிச்சிரும்மா."

"எதுக்கு அழிக்கணும்?"

"கயித்தோரமா நிக்கிற இடம் நான் குடுத்தது. பொம்பளைய ஏன்யா அங்க விட்டேன்னு எத்தன பேர் கேட்டான், தெரியுமா?"

"குடுத்தீங்க, மறக்கல. அதுக்காக ஹம்மு தலையில பழியப் போடுவீங்களா?"

"அவன் சின்ன ஆளு. நாலு நாள்ல ஊரு மறந்துரும். என்னை மறக்குமா?"

"சின்ன ஆளுன்னா மூஞ்சி இல்லையா ஹாஜி? எங்கப்பாவும் கோடியில ஓடினவர்தான்."

"அப்ப நாளைக்குக் கயித்துக்கிட்ட உன்ன நான் பாக்கக் கூடாது."

அவர் போனதும் யம்னா பிரிண்டரை ஓட்டினாள். கையகலப் படம் அல்ல, கதவகலத்துக்கு நாலு தாளாக எடுத்து ஒட்டி, கூடார வாசலில் ஆணியடித்தாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. சாயங்காலத்துக்குள் பாதி ஊர் வந்து பார்த்தது. மற்ற பதின்மூன்று பேரும் வந்தார்கள். ஹம்மு வராவிட்டால் நாங்களும் சேணம் பூட்டமாட்டோம் என்று ஹாஜியிடம் போய்ச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் அவர் தலையசைத்தார். ஹம்மு குதிரை ஏறினான்.

யம்னாவின் இடம் மட்டும் போனது போனதுதான். மறுநாள் கயிற்றோரம் அவள் நின்ற இடத்தில் லர்பி என்ற படக்காரன் கால் பரப்பி நின்றான். "வீட்டுக்குப் போக்கா, வெயிலு ஏறுது," என்றான்.

"நீ நிழல்ல நில்லு தம்பி, கறுத்துருவ," என்றாள் யம்னா.

கூட்டத்துக்குப் பின்னால், புழுதிக்குத் தண்ணீர் தெளிக்கும் டேங்கர் லாரி நின்றது. டிரைவரிடம் கேட்காமலே ஏணியில் ஏறினாள். கிளாஸைக் காலையிலேயே வைத்திருந்தாள். அங்கிருந்து கடுகளவு தெரிந்தது. வளையத்தைத் திருகி டேப் ஒட்டினாள். படம் சின்னதாகத்தான் விழும் என்று ஹாஜியைத் திட்டிக்கொண்டாள்.

குதிரைகள் வந்தன. ஹாஜியின் குரல், உடனே ஒரே வெடி. கிளாஸ் எந்தக் குளம்பில் நொறுங்கியதோ தெரியவில்லை.

டேங்கர் மேலேயே உட்கார்ந்து ஸ்கிரீனைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். ஒன்று, இரண்டு, ஹம்மு, நடுவில் ஹாஜி. தூரக் கோடியில் எப்போதும் கலங்குகிற அந்த இரண்டு பேர், மீசை முடி தெரியத் தெளிவாக இருந்தார்கள். தள்ளி நின்றால் முன்னே பின்னே தெளிவாக விழும் ஃபோகஸின் ஆழம் கூடும் என்பது அவள் படித்த பாடம்தான். கிடைத்த நல்ல இடத்தை விட மனசில்லாமல் ஆறு வருஷம் அதை மறந்திருந்தாள். ஹாஜி விரட்டியதில் பதினைந்து முகங்களும் கிடைத்துவிட்டன. ஹாஜியின் கண்கள் இரண்டும் திறந்திருந்தன. அவை நேராக டேங்கரையே முறைத்துக்கொண்டிருந்தன.

இதையும் கதவகலத்துக்கு எடுத்து முதல் படத்தின் பக்கத்தில் மாட்டினாள். லர்பி வந்து நின்றான்.

"இன்னைக்குத்தான் ஹாஜி சரியா சுட்டுட்டாரே. நேத்து படத்த எடுத்துரக்கா. பாவம், வயசான மனுஷன்."

யம்னா சுத்தியலை எடுத்தாள். நேற்றைய படத்தின் ஒரு மூலை காற்றில் தூக்கிக்கொண்டிருந்தது. அங்கே இன்னொரு ஆணியை அடித்தாள்.

"நேத்தும் நடந்துச்சு," என்றாள்.