பேச்சு போன என் கணவர் சொன்ன ஜெபம்

போன வருடம் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. காலை ஏழு மணிக்கு என் கணவரைப் பார்த்துச் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். இந்தச் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதை மறைத்துவிட்டு ஆண்டவர் செய்ததை மட்டும் எழுதினால் அது பாதிப் பொய்யாகிவிடும்.

என் பெயர் ரெஜினா. கோட்டூர்புரத்தில் ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். அதற்கு முன்பு பல வருடம் மயிலாப்பூர் வாசம். வீடு மாறினாலும் கோயிலை மாற்ற மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் ஆட்டோ பிடித்து மயிலாப்பூரில் எங்கள் பழைய பங்குக் கோயிலுக்கே போவேன். திருப்பலி முடிந்ததும் பெரியவர்களுக்கு ஞானோபதேச வகுப்பு எடுப்பேன். புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். பிறப்பிலேயே கத்தோலிக்கராக இருந்தும் இத்தனை நாள் கேட்கக் கூச்சப்பட்டவர்களும் இருப்பார்கள். நல்லவர்களுக்கு ஏன் வியாதி வருகிறது, கேட்டது ஏன் கிடைக்கவில்லை, சீடராக இருப்பது என்றால் என்ன என்று கேட்பார்கள். பதினொரு வருடமாக எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பள்ளியில் நான் கணக்கு டீச்சர். விடை வராத கணக்கு எனக்குப் பிடிக்காது.

என் கணவர் சேவியர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தால் முன் சீட்டில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். அந்த ஞாயிறுக்கு இரண்டு வருடம் முன்பு ஒரு மதியம் சோற்றில் கை வைத்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தார். வலது கை விளங்காமல் போனாலும், வலது காலை இழுத்து இழுத்து நடக்கவும் பழகினார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. "அது", "ஆமா" என்ற இரண்டு வார்த்தைகள்தான் மிஞ்சின. எழுதவும் வராது. நாம் சொல்வது அவருக்குப் புரியும், மனதில் இருப்பதை வெளியே கொண்டுவரத்தான் முடியாது.

ஆரம்பத்தில் அவரையும் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். பிரசங்கத்தின் நடுவில் சத்தமாக "அது, அது" என்பார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்குச் சிரமம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, வீட்டிலேயே விட்டுப் போக ஆரம்பித்தேன்.

அந்த ஞாயிறு காலை நான் புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தேன். அவர் அலமாரியைக் காட்டி "அது" என்றார். தண்ணீர் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மாத்திரையா என்று கேட்டேன். இல்லை. பேப்பரா? இல்லை. என் கையைப் பிடித்து அலமாரிப் பக்கம் இழுத்தார். கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது.

"என்ன வேணும்னு சொல்லத் தெரியலன்னா பேசாம உக்காருங்க. தினம் தினம் இப்படிக் கொல்றதுக்கு அன்னைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்ல?"

இதை நான்தான் சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டார். நான் படி இறங்கி ஆட்டோவில் ஏறினேன். அன்றைய வகுப்பில் ஜெபத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். மனம் ஒட்டாமல் வாய் மட்டும் முணுமுணுப்பது ஜெபமல்ல என்று கண்டிப்பாகச் சொன்னேன். இரண்டு மூன்று பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பதினொன்றரைக்கு வீடு திரும்பினேன். கதவு திறந்திருந்தது. மகள் ஷீலா பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உள் அறையில் இருந்தாள்.

"அப்பா எங்கடி?"

"ஹால்லதானேம்மா இருந்தாரு."

ஹாலில் அவர் இல்லை. வாசலில் அவர் செருப்பும் இல்லை.

எங்கள் பகுதியில் இருக்கும் பெரிய நூலகத்தின் பக்கம் ஓடினேன். டீக்கடை, பஸ் ஸ்டாப், பாலம். பாலத்தின் மேல் நின்று ஆற்றை எட்டிப் பார்த்தேன். காலையில் என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் மணி எங்கள் தெருக்காரர். விஷயம் கேள்விப்பட்டு அவரே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறும்மா. அழுவாத. கால் இஸ்துக்கினு எவ்ளோ தூரம் போவாரு? எங்கனா நெழலாப் பாத்து குந்திக்கினு இருப்பாரு. இன்னிக்கு நானு வேற சவாரி ஏத்தல."

சாயங்காலம் வரை சுற்றினோம். அடையாறு, பெசன்ட் நகர் கடற்கரை, தி.நகர் பஸ் ஸ்டாண்டு. கோயிலில் இருந்தவர்களும் சுற்றுவட்டாரத் தெருக்களில் தேடினார்கள். எங்கும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கொடுத்தேன். எழுதிக்கொண்டவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

"பேர் கேட்டா சொல்லுவாரா?"

"மாட்டாரு சார்."

"அட்ரஸ்?"

"இல்ல சார்."

"எழுதிக் காட்டுவாரா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரிகளையும் ஒரு தடவை பாத்துடுங்கம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இரத்தம் கட்டாமலிருக்க அவர் தினமும் மாத்திரை போட வேண்டியவர். அன்று ஒரு வேளை தவறிவிட்டது. ஓர் அரசு மருத்துவமனையில், அடையாளம் தெரியாதவர் என்று ஒருவரைக் காட்டினார்கள். துணியை விலக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் இல்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதரைத் தேடிக்கொண்டு யார் எங்கே அலைகிறார்களோ என்ற நினைவே எனக்கு வரவில்லை. பிறகுதான் வந்தது.

திங்கள் காலை பெசன்ட் நகர் மாதா கோயிலில் போய் உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த பதில்களில் ஒன்றுகூட என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை. நேற்றுக் காலைதான் அவர் போக வேண்டும் என்று கேட்டுவிட்டேனே. இப்போது எந்த முகத்தோடு திரும்பக் கேட்பது? கை பழக்கத்தில் செபமாலையை உருட்டியது. உதடு அசைந்தது. ஒரு சொல்கூட மனதில் ஒட்டவில்லை. கண் எல்லாம் போகிற வருகிற ஆண்களின் கால்களில் இருந்தது, யாராவது வலது காலை இழுத்து நடக்கிறார்களா என்று.

மதியம் எங்கள் பங்குத்தந்தையிடம் போனேன்.

"நான் கேட்டது நடந்துருச்சு ஃபாதர்," என்றேன். ஞாயிறு காலை கணவரிடம் சொன்னதை அப்படியே அவரிடம் ஒப்புவித்தேன்.

அவர் சொன்னார்: "கோபத்துல வர்ற வார்த்தையை எல்லாம் வேண்டுதல்னு எடுத்துக்கிற சாமியா நம்ம சாமி? அப்படின்னா இந்த ஊர்ல யாருமே மிஞ்ச மாட்டாங்க ரெஜினா. உனக்கு இப்ப கேட்க முடியலன்னா விடு. உனக்காக நாங்க கேட்கிறோம். நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடு."

கோயில் கூடத்தில் என் வகுப்பைச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை செய்யும் தேவி லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். இன்னும் ஞானஸ்நானம் பெறாதவள், எப்போதும் கேள்வி கேட்டு என்னைத் திணற வைப்பவள். அன்று எதுவும் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து தயிர் சாதத்தை என் முன் வைத்தாள். "நேத்து கடை மூடுன அப்புறம் மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் போட்டோவ காமிச்சுக் கேட்டுட்டு வந்தேன் டீச்சர். இன்னைக்குக் கே.கே. நகர் பக்கம் போறேன்," என்றாள். சீடத்துவம் என்ற சொல்லுக்கு நான் எத்தனையோ விளக்கம் கொடுத்திருக்கிறேன். அந்தத் தயிர் சாதத்தைச் சாப்பிடும்போது அழுதேன்.

மாலை ஆறரை மணி. நானும் மணியும் மயிலாப்பூர் லஸ் முனையில் நின்றுகொண்டிருந்தோம். கோயில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "மூணு தெரு தள்ளி ஒரு பாட்டு டீச்சர் வீட்ல ஒருத்தர் இருக்காராம். அவங்க சொல்ற அடையாளம் போட்டோவோட ஒத்துப் போகுது. உடனே போங்க."

ஒரு பழைய அடுக்குமாடியின் தரைத்தளம். கதவு திறந்திருந்தது. உள்ளே பிரம்பு நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் தாடி முளைத்திருந்தது. வலது காலில் கொப்புளம் உடைந்து, யாரோ மருந்து வைத்துத் துணி சுற்றியிருந்தார்கள். கையில் காபி டம்ளர். உடம்பில் வெள்ளைச் சட்டை.

அந்தச் சட்டையைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. அது அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் சட்டை. அலமாரியில் இருந்தது. அதைத்தான் காட்டியிருக்கிறார். என்னையும் கூட்டிப் போ என்றுதான் கேட்டிருக்கிறார். நான் போன பிறகு ஒற்றைக் கையால் தானே மாட்டிக்கொண்டு, பொத்தான் எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டபடி, என் பின்னாலேயே கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறார்.

அவர் காலடியில் உட்கார்ந்தேன். "மன்னிச்சிடுங்க," என்றேன்.

என் தலையில் கை வைத்தார். "ஆமா," என்றார்.

எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பாட்டு டீச்சர் வைதேகி மாமிக்கு அறுபது வயது இருக்கும். வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார்.

"நாலு மணிக்கு நம்ம கேட்டண்ட உக்காந்துண்டிருந்தார். வாட்ச்மேன் எழுப்பப் பாத்தான். நான்தான் உள்ள கூட்டிண்டு வந்து காபி குடுத்தேன். பேர் என்னன்னா 'அது'ங்கறார். எங்க இருக்கேள்னா அதுக்கும் 'அது'. சரி, பசங்களுக்குப் பாட்டு முடியட்டும், போலீஸுக்கு போன் பண்ணலாம்னு இருந்தேன். ஆறு மணிக்குப் பசங்க போயாச்சு. சுருதிப் பெட்டி மட்டும் ஓடிண்டிருந்தது. இவர் மெதுவா முனக ஆரம்பிச்சார். சுருதி சுத்தமா சேர்ந்தது. அப்புறம் பாருங்கோ, வார்த்தை வர்றது. ஒண்ணு இல்ல, கோர்வையா. 'மரியே'ன்னு திரும்பத் திரும்ப வந்தது. இவர் உங்க கோயிலைச் சேர்ந்தவரா இருக்கணும்னு தோணித்து. கிட்டக்க இருக்கற சர்ச்சோட நம்பரைத் தேடி போன் போட்டேன்."

இரண்டு வருடமாக என் பெயரைக்கூடச் சொல்ல முடியாதவர். அவர் பிறந்த வீட்டில் மாலை ஆறு மணி ஆனால் செபமாலையை ராகம் போட்டுச் சொல்வார்கள். அந்த இழுவையை நான் கேலி செய்திருக்கிறேன். மனம் எங்கோ இருக்க வாய் மட்டும் ஓடுகிறது என்பேன். 'மரியே' என்று வரும் அந்த மங்கள வார்த்தை ஜெபம்தான் அவரைக் காட்டிக் கொடுத்தது. பெயரும் முகவரியும் சொல்லத் தெரியாத மனிதர், தான் யாருடைய பிள்ளை என்பதைச் சொல்லிவிட்டார்.

பிறகு டாக்டரிடம் கேட்டேன். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கும் சிறு வயதில் ராகத்தோடு மனப்பாடம் செய்தது சில சமயம் மிஞ்சி நிற்கும் என்றார். இருக்கட்டும். அதைக் கேட்டு என் விசுவாசம் ஒரு இம்மியும் குறையவில்லை. அந்த வீட்டு வாசலில், அந்த நேரத்தில், கேட்கத் தெரிந்த ஒருவரிடம் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தது யார் என்று மட்டும் நான் யோசித்துக்கொள்கிறேன். ஞாயிறு இரவு அவர் எங்கே படுத்திருந்தார், யார் சோறு போட்டார்கள் என்பது இன்றுவரை தெரியாது. யாரோ கவனித்திருக்கிறார்கள். முகம் தெரியாத அவர்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். நடந்ததை, நான் சொன்ன அந்த வார்த்தையையும் சேர்த்து, எல்லோருக்கும் சொன்னேன். போன வாரம் ஜெபத்தைப் பற்றிச் சொன்னது தவறு, நோட்டில் அடித்துவிடுங்கள் என்றேன். தேவிதான் கையைத் தூக்கினாள்.

"அந்த மாமி நம்ம கோயில் இல்லையே டீச்சர். அவங்க மூலமா ஆண்டவர் எப்படிப் பதில் குடுத்தாரு?"

"அவருக்கு எல்லார் வீட்டு வாசலும் தெரியும் போல தேவி," என்றேன்.

"அப்ப சாருக்கு முழுசாப் பேச்சு வரணும்னு நீங்க கேட்டது?"

"அதுக்கு ஏன் இன்னும் பதில் வரலன்னு எனக்குத் தெரியாது."

பதினொரு வருடத்தில் அந்த வகுப்பில் தெரியாது என்று நான் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவள் ஏமாற்றம் அடையவில்லை. நாற்காலியை எனக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இப்போது வியாழக்கிழமைகளில் வைதேகி மாமியின் வீட்டுக்குப் போகிறோம். சின்னச் சின்ன வாக்கியங்களுக்கு அவர் ஒரு மெட்டு போட்டுத் தருகிறார். "தண்ணி வேணும்", "கால் வலிக்குது", இந்த இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவது எது வேண்டும் என்று மாமி கேட்டார். ஷீலா தன் பெயர் வேண்டும் என்றாள். நான்கு வாரமாக முயற்சி நடக்கிறது. இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் அவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். பிரசங்கத்தின் நடுவில் அவர் "அது" என்றால் நான் இப்போது தலை குனிவதில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது இன்று ஜெபிக்க முடியாமல் இருக்கலாம். மனம் மரத்துப் போயிருக்கலாம். பரவாயில்லை. சின்ன வயதில் யாரோ சொல்லிக்கொடுத்தது வாயில் மிச்சம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம், எனக்காகக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். ஆண்டவர் எனக்கு வகுப்பில் கிடைத்த மரியாதையைப் பார்த்து இரங்கவில்லை. பதில் இல்லாமல், கேட்க வாயும் இல்லாமல் நின்ற என்னைப் பார்த்துதான் இரங்கினார். உங்களுக்கும் இரங்குவார்.

ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் யாரையாவது புண்படுத்திவிட்டு வந்திருந்தால், இதை மூடி வைத்துவிட்டு முதலில் அவரிடம் போங்கள். மற்றதை ஆண்டவரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். அவர் காத்திருப்பார்.